கைவிடப்பட்டவளின் மறுமணத்திற்குச் சபையில் ஓலை வாசிக்கலாமா?

சென்னிமலை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேதத்தையும் சட்டத்தையும் அறிந்தவர்கள் இந்த மன்றத்தில் இருப்பதால், எங்கள் குடும்பத்தில் எழுந்துள்ள ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். என் சித்தப்பா மகளுக்குச் சபையில் முறைப்படி திருமணம் நடந்து, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர்; குழந்தை பால்குடி மறப்பதற்குள் வேறொரு பெண்ணுடன் தனிக்குடித்தனம் போய்விட்டார். பெரியவர்களை அனுப்பிப் பேசியும், ஆயர் நேரில் சென்று அழைத்தும் அவர் திரும்பவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்த பிறகே தங்கை நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்துப் பெற்றாள்.

இப்போது கோபிப் பக்கத்திலிருந்து, மனைவியை இழந்த ஒருவர் பெண் கேட்டு வந்திருக்கிறார். இரு வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் ஆராதனையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கக் கேட்டபோது, "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்ற வசனத்தைச் சொல்லி எங்கள் சபைக் கமிட்டியார் மறுத்துவிட்டார்கள். அவளைத் தள்ளிவிட்டுப் போனவரோ வேறொரு சபையில் தடையின்றித் திருவிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். வேதம் உண்மையாகவே இவளுக்கு வழியை அடைக்கிறதா? மற்ற சபைகள் இதை எப்படிப் பார்க்கின்றன?

பெருந்துறை மூத்த விசுவாசி எழுதியது:

தம்பி, உங்கள் தங்கையின் நிலை வருத்தத்திற்குரியது. ஆனால் வருத்தம் வேறு, உபதேசம் வேறு. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எந்த விதிவிலக்கும் சொல்லவில்லை. மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை விவாகம் பண்ணுகிறவனும், புருஷனைத் தள்ளிவிட்டு வேறொருவனை விவாகம் பண்ணுகிறவளும் விபசாரம் செய்கிறார்கள் என்றே சொல்கிறார். லூக்கா 16:18-இலும் விதிவிலக்கு இல்லை. ரோமர் 7:2-3-இல் பவுல், புருஷன் உயிரோடிருக்கும்வரை மனைவி அவனுக்குக் கட்டுப்பட்டவள் என்கிறார்.

இது நம் காலத்துக் கடினமனத்தார் கண்டுபிடித்த போதனையும் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட எர்மாவின் 'மேய்ப்பர்' நூல், மனைவி விபசாரத்தில் நிலைத்திருந்தால் கணவன் அவளைவிட்டு விலக வேண்டும் என்கிறது. ஆனால் அவன் மறுமணம் செய்யாமல் தனித்திருக்க வேண்டும், ஏனெனில் அவள் மனந்திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள இடமிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதுதான் ஆதித்திருச்சபை கண்ட உண்மைத்தன்மை. உங்கள் தங்கை பிரிந்து வாழ்வதில் பாவமில்லை. மறுமணம் என்பது வேறு படி.

நொய்யல்கரை எழுதியது:

மூத்தவர் வேதத்தைத் திரித்துப் பேசவில்லை. அவர் எடுத்துக்காட்டிய எர்மாவின் சாட்சியம் வலுவானது. மறுமணத்தை ஆதரிக்கும் எங்களில் பலர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடுகிறோம். ஆயினும், ஆண்டவர் அந்த வார்த்தைகளை யாரிடம், எந்தக் கேள்விக்கு மறுமொழியாகச் சொன்னார் என்பதை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், அவர் யாரைக் காப்பாற்றப் பேசினாரோ அவர்மீதே அதை எறிந்துவிடுவோம் என்று அஞ்சுகிறேன்.

மத்தேயு 19-இல் பரிசேயர் கேட்பது, புருஷன் எந்த முகாந்தரத்தினாலாகிலும் தன் மனைவியைத் தள்ளிவிடலாமா என்பதுதான். இதற்குப் பின்னால் அக்காலத்து யூத ஆசிரியர்களிடையே நடந்த ஒரு பெரிய விவாதம் இருக்கிறது. உபாகமம் 24-இல் மனைவியிடம் காணப்படும் 'இலச்சையான காரியம்' எது என்பதில், சம்மாயின் பள்ளி ஒழுக்கக்கேட்டை மட்டுமே காரணமாக ஏற்றது. இல்லேலின் பள்ளியோ, அவள் சமையலைக் கெடுத்தாலும் போதும் என்றது. பின்னால் வந்த அக்கிபா, இன்னும் அழகான ஒருத்தியைக் கண்டாலே போதும் என்று சொல்லும் அளவுக்குப் போனார். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கித்தின் பகுதியில் இம்மூன்று கருத்துகளும் அடுத்தடுத்துப் பதிவாகியுள்ளன. தள்ளுதற்சீட்டை எழுதும் அதிகாரம் ஆணுடையது. சீட்டை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் பிழைப்புக்கு வழியின்றி, தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறவள் பெண். சமையல் சரியில்லை என்று ஒருத்தியைத் தெருவில் நிறுத்தலாம் என்ற சட்ட விளக்கத்தின் முன்தான் ஆண்டவர் ஆதியாகமத்தை எடுத்துவைத்து, "உங்கள் இருதயகடினத்தினிமித்தம் மோசே உங்களுக்கு இடங்கொடுத்தார்" என்று தள்ளுகிறவனைக் கடிந்துகொள்கிறார்.

அங்கே இன்னொரு நெருக்கடியும் இருந்தது. மாற்கு சொல்கிறபடி இந்த உரையாடல் யோர்தானுக்கு அக்கரையில், ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதியில் நடக்கிறது. அந்த ஏரோது தன் முதல் மனைவியை விலக்கி, உயிரோடிருந்த சகோதரனின் மனைவியாகிய ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்டான். அதைக் கண்டித்ததற்காகவே யோவான்ஸ்நானகன் தலையிழந்தான். புருஷனைத் தள்ளிவிடும் பெண்ணைப் பற்றி, யூத வழக்கத்தில் அரிதாக இருந்தும், மாற்கு தனியாக ஒரு வசனம் எழுதியிருப்பதன் காரணத்தைப் பலர் இந்த அரண்மனை நிகழ்வில்தான் காண்கிறார்கள். கைவிடப்பட்டு மகளோடு தனியே நிற்பவள் இந்தக் காட்சியில் எங்கும் குற்றவாளியாக நிறுத்தப்படவில்லை.

மாற்குவில் விதிவிலக்கு இல்லை என்பது சரி. ஆனால் மத்தேயு 5:32-இலும் 19:9-இலும் வேசித்தன முகாந்தரம் விலக்காக நிற்கிறது. பவுலும் 1 கொரிந்தியர் 7-இல், கர்த்தர் சொன்னது இது என்று பிரிந்துபோகக் கூடாத கட்டளையைச் சொல்லிவிட்டு, கொரிந்துவில் புதிதாக எழுந்த நிலைமைக்கு, நானே சொல்கிறேன் என்று வேறுபடுத்தி, அவிசுவாசி பிரிந்துபோனால் போகட்டும், சகோதரனோ சகோதரியோ அடிமைப்பட்டவர்கள் அல்ல என்று தீர்ப்பளிக்கிறார். கட்டளையை உடைக்காமலே, அது நேரடியாகப் பேசாத ஓர் இடத்தில் அப்போஸ்தலன் பகுத்தறிந்து முடிவெடுத்திருக்கிறார். சபைக் கமிட்டிக்கு அப்போஸ்தல அதிகாரம் இல்லைதான். பகுத்தறியும் கடமைகூட இல்லை என்று சொல்ல முடியுமா?

சீர்திருத்தச் சபைகள் இந்த வழியில்தான் நடந்தன. 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 24-ஆம் அதிகாரத்தில், விபசாரத்தையும், சபையாலோ அரசாலோ சரிசெய்ய முடியாத வேண்டுமென்றே செய்த கைவிடுதலையும் திருமண உறவைக் கலைக்கப் போதுமான காரணங்களாக ஏற்கிறது. உங்கள் தங்கையின் கதையில் இரண்டுமே இருக்கின்றன. நம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு 1830-இல் வந்த லண்டன் மிஷன் சபை மரபு இதே சீர்திருத்த ஊற்றிலிருந்து வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு மரபுகளோடு இணைந்தது. ஆங்கிலிக்கன் மரபு நெடுங்காலம் கடுமையாக இருந்தது உண்மை. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம், முன்னாள் துணை உயிரோடிருக்கும்போதும் தனிப்பட்ட சூழ்நிலைகளில் ஆலயத்தில் மறுமணம் நடத்தலாம் என்று ஏற்றது 2002-இல்தான். ஆகவே உங்கள் கமிட்டியாரின் தயக்கத்துக்கும் ஒரு வேர் உண்டு. வேர் ஒன்றே அல்ல என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கருமத்தம்பட்டி வேதியர் எழுதியது:

மற்ற சபைகளின் நிலையைக் கேட்டதால் கத்தோலிக்கத் திருச்சபை சார்பில் சில சொற்கள். கொடிவேரி, கருமத்தம்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில்கூட, "ரோமில் பணம் கட்டினால் விவாகரத்து வாங்கலாம்" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே செல்லத்தக்க முறையில் நடந்து, உடலுறவாலும் நிறைவுற்ற திருமணத்தை மரணத்தைத் தவிர எந்த மனித அதிகாரமும் கலைக்க முடியாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1141-ஆம் விதி.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரிப்பது வேறொன்றை: பீடத்தின் முன் நின்ற அந்நேரத்தில் உண்மையான சம்மதம் இருந்ததா? அச்சுறுத்திக் கட்டிவைத்திருந்தால், பெரிய உண்மை ஒன்றை மறைத்து ஏமாற்றியிருந்தால், பிள்ளைப்பேற்றையோ பிரமாணிக்கத்தையோ (துணைக்கு உண்மையாயிருப்பதையோ) தொடக்கத்திலேயே மனத்தால் விலக்கியிருந்தால், திருமணக் கடமைகளை ஏற்கும் உளவியல் திறனே இல்லாதிருந்தால், அந்தத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்று அறிவிக்கலாம். திருமணப் பிணைப்புக்காக வாதாடவே ஓர் அலுவலர் அங்கே இருப்பார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நடைமுறையைச் சுருக்கி, இரண்டாவது தீர்ப்பாயமும் அதே முடிவைத் தர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். செல்லாது என்று அறிவித்தால் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களோ என்று தாய்மார்கள் கலங்குவதுண்டு. 1137-ஆம் விதி அப்படி ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமன் மகளையும் அக்காள் மகளையும் 'உரிமைப்பெண்' என்று கட்டுகிற வழக்கம் இங்கே ஆழமானது. திருச்சபைச் சட்டத்தில் இவை இரத்த உறவுத் தடைக்குள் வருகின்றன. மறைமாவட்ட ஆயரிடம் விதிவிலக்குப் பெற்றே நடத்த வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நிலம் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பெண்ணின் வாயை அடைத்துச் செய்யும் கல்யாணம். "சம்மதமா?" என்று குரு கேட்கும்போது அவள் தலையசைத்தது சம்மதத்தாலா, பின்னால் நின்ற தாய்மாமனைக் கண்டா என்று ஆண்டுகள் கழித்து ஒரு தீர்ப்பாயம் கண்டறிய வேண்டியிருக்கிறது. நான் திருமண முன்தயாரிப்பு வகுப்பு எடுக்கிறவன். பெண்ணைத் தனியே உட்காரவைத்துக் கேட்பதை எந்தப் பங்குக் கோயிலும் விட்டுவிடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, உரிமையியல் விவாகரத்துப் பெற்றுத் தனியே வாழ்கிறவருக்கு அதற்காகவே நற்கருணை மறுக்கப்படுவதில்லை. பிள்ளைகளின் பராமரிப்புக்கோ சொத்துரிமைக்கோ அது ஒன்றே வழியென்றால் விவாகரத்துப் பெறுவது குற்றமாகாது என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2383-ஆம் பத்தியில் சொல்கிறது. இது தெரியாமல் பல பெண்கள் தாங்களாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

மன்ற நெறியாளர்: தனிநபர்களையோ குறிப்பிட்ட சபைகளையோ பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம். அவ்வாறு வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.

கோவை குடும்பநல வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தின் பக்கத்தை விளக்குகிறேன். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் ஆண்டினது. இங்கிலாந்தின் 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து இயற்றப்பட்டது. அதில் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவிக்கோ, கணவனின் விபசாரத்தோடு கொடுமை அல்லது இரண்டாண்டுக் கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். கைவிடப்பட்டது மட்டும் என்றால் நீதிமுறைப் பிரிவினைதான் கிடைக்கும். மறுமணம் செய்ய முடியாது. இங்கிலாந்து இந்த ஏற்றத்தாழ்வை 1923-இல் நீக்கி, 1937-இல் கொடுமையையும் கைவிடலையும் தனிக் காரணங்களாகச் சேர்த்துக்கொண்டது. இந்தியக் கிறிஸ்தவப் பெண், 2001-இல் இந்தச் சட்டம் திருத்தப்படும் வரை காத்திருந்தாள். மாவட்ட நீதிமன்றம் தந்த விவாகரத்தை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதியும், இடைக்கால ஜீவனாம்சம் கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அந்தத் திருத்தத்தில்தான் போயின.

இப்போது 10-ஆம் பிரிவின்படி விபசாரம், கொடுமை, மனு போடுவதற்கு முன் குறைந்தது இரண்டாண்டுக் கைவிடல் ஆகியவை இருவருக்கும் பொதுவான, தனித்தனியே போதுமான காரணங்கள். 10ஏ பிரிவு பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இரண்டாண்டுகள் பிரிந்திருக்கக் கேட்கிறது; மற்றவர்களுக்கு ஓராண்டு இருக்கும்போது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டு, கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டாகக் குறைத்து வாசித்தது.

மதச் சட்டமும் அரசுச் சட்டமும் கலந்து குழப்பம் வருகிற இடங்கள் இரண்டு. திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவித்தாலும், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் செய்யும் மறுமணம் சட்டப்படி செல்லாது. உச்ச நீதிமன்றம் 1996-இல் மாலி ஜோசப் வழக்கில் இதைச் சொன்னது, திருச்சபைத் தீர்ப்பை அரசும் ஏற்க வேண்டும் என்று கேட்ட கிளாரன்ஸ் பாய்ஸ் மனுவை 2017-இல் தள்ளுபடி செய்தபோதும் அந்நிலை மாறவில்லை. இரண்டாவது, நம் ஊர்ப் பழக்கம். ஊர்ப் பெரியவர்களை வைத்து, சீர்ச் சாமானையும் நகையையும் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எவ்விதச் சம்பந்தமும் இல்லை" என்று இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையும் குத்தி எடுத்து வருகிறார்கள். நான்காக மடித்து, பீரோவில் நகைப்பெட்டியோடு வைத்திருந்த அந்தத் தாளை என் மேசைமீது விரித்துக் காட்டும்போது, அது எதற்கும் உதவாது என்று சொல்வது என் தொழிலின் கசப்பான வேலைகளில் ஒன்று. தீர்த்துவிடுவதும் (உறவை முறிப்பதும்) அறுத்துக்கட்டுவதும் (மறுமணம் செய்வதும்) சில சமூகங்களில் வழக்கமாக இருந்திருக்கலாம். கிறிஸ்தவத் திருமணத்தை அந்தத் தாள் கலைக்காது.

பவுலின் தீர்ப்பைப் பற்றி மேலே பேசினீர்கள். அது சட்டப் புத்தகத்துக்குள்ளும் வந்திருக்கிறது. கிறிஸ்தவராக மதம் மாறியதற்காகவே துணை ஆறு மாதங்கள் கைவிட்டிருந்தால், மாறியவர் நீதிமன்றத்தை நாடித் திருமணத்தைக் கலைத்துக்கொள்ள 1866-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது.

பவானிக்கரை சகோதரி எழுதியது:

நான் மறுமணத்தைப் பற்றி எழுதவில்லை. அந்த எண்ணம் எனக்கு இல்லை. பிரிந்துபோவதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன். கை எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு நான் அம்மா வீட்டில் இருந்தபோது, பாஸ்டரும் மூப்பர்களும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். மல்கியா 2:16-ஐத் திறந்து, தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்ற பகுதியை வாசித்தார்கள். அதே வசனம் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் பேசுகிறது. அந்தப் பகுதிக்கு முன்பே வேதாகமம் மூடப்பட்டது. "வாழப் போன புள்ள வந்து உக்காந்துக்கிட்டா, ஊருக்குள்ள நாங்க எப்படிங்க தலை காட்டறது?" என்று என் அப்பா அவர்களிடம் கேட்டார். ஊருக்கான பதிலைத்தான் அவர்கள் ஜெபமாகச் செய்துவிட்டுப் போனார்கள்.

பவுல் 1 கொரிந்தியர் 7:11-இல், பிரிந்துபோனவள் விவாகமில்லாதிருக்கட்டும் அல்லது ஒப்புரவாகட்டும் என்று எழுதுகிறார். அப்படியானால் பிரிந்துபோனவள் ஒருத்தி சபையில் இருப்பாள் என்பதை அவரே ஏற்றுத்தான் எழுதுகிறார். மிகக் கடுமையான உபதேசத்தின்படியும் நான் அடிவாங்கிக்கொண்டே ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டியதில்லை. இதை எனக்குச் சொன்னவர் பாஸ்டர் அல்ல. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மனு எழுதிக் கொடுத்த பாதுகாப்பு அலுவலர்.

பெருந்துறை மூத்த விசுவாசி எழுதியது:

சகோதரி, உங்களுக்கு நடந்தது உபதேசம் அல்ல, உபதேசத்தின் பெயரால் நடந்த அநியாயம். அடிக்கிறவனைச் சபை ஒழுங்குக்கு உட்படுத்தாமல், அடிபட்டவளுக்குப் பொறுமையைப் போதிக்க எந்த மூப்பனுக்கும் அதிகாரம் இல்லை. மறுமணம் கூடாது என்று சொல்கிற எங்களுக்கு, பிரிந்து வாழ்கிறவளின் வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் பொறுப்பேற்கும் கடமை இரட்டிப்பாக உண்டு. அதைச் செய்யாத சபை கண்டிப்பைப் பற்றிப் பேசுவது எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

நொய்யல்கரை ஐயாவுக்கு ஒரு மறுப்பு. மத்தேயுவில் உள்ள விலக்கு தள்ளிவிடுவதற்கு மட்டுமா, மறுமணத்திற்கும் சேர்த்தா என்பது ஆதிமுதல் விவாதத்தில் இருப்பது. திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் அதைப் பிரிந்திருப்பதற்கு மட்டுமே எடுத்துக்கொண்டார். அந்த உபதேசத்தைக் கேட்ட சீஷர்களே, அப்படியானால் விவாகம் பண்ணாதிருப்பது நலம் என்று திகைத்தார்கள். உங்கள் விளக்கத்தைக் கேட்டால் அவர்கள் திகைத்திருப்பார்களா?

நொய்யல்கரை எழுதியது:

திகைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். விருப்பம்போல் தள்ளிவிடும் உரிமை தங்களுக்கு இயல்பாக உண்டு என்று எண்ணி வளர்ந்த ஆண்களுக்கு, சம்மாயின் பள்ளி சொன்ன அளவே பெரிய அடியாக இருந்திருக்கும். ஆனால் அகுஸ்தீனைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. மேற்கத்தியத் திருச்சபை அவர் வழியே போனது. கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை வேறு வழியில் போனது. திருமணம் ஒன்றே என்ற இலட்சியத்தை விடாமல், மனித உடைவுக்கு இரங்கி, இரண்டாம் திருமணத்தை மனந்திரும்புதலின் தொனி கொண்ட தனி வழிபாட்டு முறையோடு அனுமதிக்கிறது. மறுமண ஆராதனையில் முதல் உடைவை மூடி மறைக்காமல் அறிக்கையிடுவது நம் சபைகளும் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி.

எனக்கு உறுத்துவது ஓலை மறுக்கப்பட்டது மட்டுமல்ல. தள்ளிவிட்டவரிடம் எந்தச் சபையும் கேள்வி கேட்கவில்லை. ஊர் மாறி, சபை மாறி, திருவிருந்துப் பந்தியில் அமர்ந்துவிட்டார். வசனம் யாரைக் கடிந்துகொள்கிறதோ அவர் வெளியே போய்விட்டார். உள்ளே இருக்கிறவள்மீது வசனம் நிறைவேற்றப்படுகிறது. விவாகரத்துத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், தள்ளியவர் யார், தள்ளப்பட்டவர் யார் என்று கமிட்டி கேட்டு எழுதிவைக்க வேண்டும். வாலிபரும் முதியவருமாகப் பெரும்பாலும் ஆண்களே உட்காரும் கமிட்டிகளில் இந்தக் கேள்வி தானாக எழுவதில்லை.

சென்னிமலை வாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். எர்மாவைப் பற்றிய பகுதியில் அவள், "நானும் திறந்து வைத்துத்தான் இருந்தேன் அண்ணா, அவர் அங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார்" என்றாள். மூத்தவர் ஐயா, இதற்கு உங்கள் பதிலைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

பெருந்துறை மூத்த விசுவாசி எழுதியது:

நான் அந்தத் திருமணத்தை நடத்திவைக்க மாட்டேன். என் மனச்சாட்சி அதற்கு இடந்தராது. நடந்த பிறகு அவர்கள் என் சபைக்கு வந்தால், திருவிருந்திலிருந்து விலக்கவும் மாட்டேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். முழுதாகப் பொருந்தவில்லை என்று எனக்கும் தெரியும்.

கோவை குடும்பநல வழக்கறிஞர் எழுதியது:

சென்னிமலை நண்பருக்கு நடைமுறை குறித்து மட்டும். கமிட்டியின் மறுப்பை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். அதோடு பேராயருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். தீர்ப்பு மற்றும் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல்கள், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தும் மேல்முறையீடு எதுவும் இல்லை என்பதற்கான ஆதாரம், மணமகனின் முதல் மனைவியின் இறப்புச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். கணவரை அழைக்க ஆயர் நேரில் சென்றதற்குச் சபைக் குறிப்பேட்டில் பதிவு இருந்தால் அதன் நகல் மிகவும் உதவும். கைவிட்டது யார் என்பதற்குச் சபையின் சொந்தப் பதிவே சாட்சியாகிவிடும். அங்கும் மறுத்தால், 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட திருமணப் பதிவாளர் முன்போ, 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்தோ மணம் செய்துகொள்ளலாம். குழந்தையின் பள்ளிச் சான்றிதழ்களில் தகப்பன் பெயரை மாற்ற அவசரப்பட வேண்டாம். அது தனி நடைமுறை, திருமணம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.